மூளைத் தூண்டலின் துணையோடு தியானம் பழகுவது எப்படி

மூச்சை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி ஒன்பதில் முடித்து, மறுபடியும் ஒன்றுக்கு வாருங்கள் என்று சொன்னால், புதிதாகப் பழகுகிறவர் பெரும்பாலும் நான்கைத் தாண்டுவதற்குள் காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தோமா என்ற யோசனைக்குப் போய்விடுவார். போய்விட்டோம் என்பது தெரியவே இரண்டு நிமிடம் ஆகும். இந்தத் தொடக்ககாலத் திணறலில்தான் பலர் தியானத்தைக் கைவிடுகிறார்கள். மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து மெல்லிய மின்சாரத்தையோ மீயொலியையோ செலுத்தி அந்தத் திணறலைக் கொஞ்சம் தளர்த்த முடியுமா என்பதைச் சில பல்கலைக்கழக ஆய்வகங்கள் சோதித்து வருகின்றன. அந்த ஆய்வுகளிலிருந்து ஒரு தனிமனிதர் தம் பழக்கத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம், எதைத் தொடவே கூடாது, எடுத்துக்கொண்டதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியும் தியானத்தைக் கற்றுத் தருவதில்லை. அந்த நேரத்தில் மூளை எந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறதோ அந்த வேலைக்குச் சற்று ஊக்கம் தருவதே இவற்றால் ஆகக்கூடிய அதிகபட்சம். கருவியை மாட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஊக்கம் பெறுவது கைப்பேசி பார்க்கும் பழக்கமாகவும் இருக்கலாம். கீழே வரும் ஒவ்வொரு குறிப்பும் இந்த ஒரு செய்தியைச் சார்ந்தே நிற்கிறது.

மூளையில் எதைத் தொடுகிறார்கள்

நாம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது மூளை ஓய்வெடுப்பதில்லை என்பதையும், அப்போது சில பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து கூடுதலாகவே இயங்குகின்றன என்பதையும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும் 2001-இல் விளக்கினார்கள். இயல்புநிலை வலையமைப்பு என்று சொல்லப்படும் இந்த இணைப்பின் இரண்டு முக்கிய முனைகள், நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியும், தலையின் பின்புறம் ஆழத்தில் இருக்கும் பின்சிங்குலேட் என்ற பகுதியும் ஆகும். நேற்று நடந்ததை அசைபோடுவது, நாளை நடக்கப்போவதை எண்ணிக் கவலைப்படுவது, 'என்னைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்' என்று உழல்வது ஆகியவற்றோடு இந்த வலையமைப்பு நெருங்கிய தொடர்புடையது. அனுபவமுள்ள தியானிகளிடம் இதன் செயல்பாடு தியானத்தின்போது குறைவாக இருப்பதை ஜட்சன் புரூவரும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் மூலம் காட்டினார்கள்.

தூண்டல் ஆய்வுகள் இதிலிருந்து இரண்டு வழிகளில் பிரிந்தன. நெற்றிப் பக்கத்திலுள்ள, கவனத்தையும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனையும் ஆளும் பகுதிகளுக்குச் சிறிய மின்னோட்டத்தின் மூலம் ஊக்கமளித்து, அலைபாயும் மனத்தைத் திருப்பிக் கொண்டுவரும் திறனை வலுப்படுத்தப் பார்ப்பது ஒரு வழி. ஆழத்திலிருக்கும் பின்சிங்குலேட்டையே மீயொலியால் நேரடியாகத் தொட்டு அலைச்சலைத் தணிக்கப் பார்ப்பது இன்னொரு வழி. குதிரையோட்டிக்குப் பலம் கொடுப்பது, குதிரையின் வேகத்தைக் குறைப்பது என்று இவற்றை வேறுபடுத்திக்கொள்ளலாம்.

எந்தக் கருவி யாருக்கு

மண்டையோட்டின் வழியாக ஒரே திசையில் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தும் முறையை ஆய்வாளர்களும் மருத்துவமனைகளில் இருப்பவர்களும் டிடிசிஎஸ் என்றே குறிப்பிடுகிறார்கள். 1 முதல் 2 மில்லியாம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குச் செலுத்துவது வழக்கம். இது நரம்பணுக்களைத் தானாகச் சமிக்ஞை எழுப்ப வைப்பதில்லை. அவை சமிக்ஞை எழுப்புவதற்கான வாசலைச் சற்று உயர்த்தவோ தாழ்த்தவோ மட்டுமே செய்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலஸும் 2000-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்த முறை பரவலாயிற்று. தியானத்தோடு சேர்த்து ஒரு தனிமனிதர் யோசித்துப் பார்க்கக்கூடிய தூண்டல் இப்போதைக்கு இது ஒன்றுதான். அதுவும் மேற்பார்வையின் கீழ் மட்டுமே.

குவிமீயொலி வேறு வகையானது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அதே வகை ஒலியலையை, மண்டையோட்டைக் கடக்கும் அளவுக்கு அதிர்வெண்ணைக் குறைத்து, மூளைக்குள் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஓரிடத்தில் குவிப்பார்கள். மின்சாரம் மூளையின் மேற்பரப்பில் பரந்து விரவிப்போகும்; மீயொலியோ ஆழத்தில் குறிபார்த்துச் சேரும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே சாங்குவினெட்டி என்ற நரம்பியலாளரும், ஷின்சென் யங் என்ற மூத்த தியான ஆசிரியரும் இணைந்து இதற்கென்றே ஓர் ஆய்வகம் நடத்துகிறார்கள். பின்சிங்குலேட்டுக்கு மீயொலி செலுத்தியபோது இயல்புநிலை வலையமைப்பின் உள்ளிணைப்பு குறைந்ததாகவும், பங்கேற்றவர்களின் காலவுணர்வும் தன்னுணர்வும் தற்காலிகமாக மாறியதாகவும் அங்கிருந்து 2024-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆர்வத்தைக் கிளறும் செய்திதான். ஆனாலும் இது வீட்டுக்குரிய கருவி அல்ல. மண்டையோட்டின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். குவியும் இடம் சில மில்லிமீட்டர் பிசகினாலும் வேறொரு பகுதிக்குப் போய்விடும். திசு சூடாவதைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்த வேண்டும். ஆகவே, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வில் தன்னார்வலராகச் சேர்வது ஒன்றே இதை அனுபவிப்பதற்கான வழி.

காந்தத் தூண்டல் மனச்சோர்வுக்கான சிகிச்சையாக 2008-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. அது மருத்துவமனைக்கு உரியது, தியானம் பழகுவதற்காக அதை நாட வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் மியூஸ் போன்ற தலைப்பட்டைகள் மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை, மூளையலைகளைப் படித்து ஒலியாகத் திருப்பித் தருகின்றன; இவற்றையும் தூண்டல் கருவி என்று எண்ணி வாங்குகிறவர்கள் உண்டு. மனம் அடங்கினால் பறவை கூவும் என்பது அதன் அமைப்பு. நாளடைவில் மூச்சை விட்டுவிட்டுப் பறவைக்காகக் காத்திருக்கும் புதுப் பழக்கம் தொற்றிக்கொள்ளும் ஆபத்து அதில் இருந்தாலும், உடலுக்குக் கேடு இல்லை.

யார் தொடக்கூடாது

வலிப்பு நோய் உள்ளவர்கள், தலையில் உலோகத் தகடோ கிளிப்போ செவிக்குள் பொருத்திய கருவியோ உள்ளவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், மண்டையோட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் ஆகியோர் இதைத் தவிர்க்க வேண்டும். மண்டையோட்டில் துளையோ இடைவெளியோ இருந்தால் மின்னோட்டம் அந்த வழியாகக் குவிந்து பாயும் என்பதால் அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்து நேர்முனைத் தூண்டலின் (மின்னோட்டத்தின் நேர்முனையை வைத்த இடத்தில் நடக்கும் தூண்டலின்) விளைவை அழித்துவிடுகிறது என்றும், சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து அதைக் கூட்டி நீட்டிக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இருதுருவக் கோளாறு உள்ள சிலருக்கு மனச்சோர்வுக்காக இந்தத் தூண்டலை அளித்தபோது அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும் கொண்ட மிகையெழுச்சி நிலை தோன்றியிருக்கிறது. மனச்சிதைவு வந்து போனவர்களுக்கோ, தூண்டல் ஒருபுறம் இருக்கட்டும், நீண்டநேரத் தியானமே மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டிய ஒன்று. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லபி பிரிட்டனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தியானிகள் தங்களுக்கு நேர்ந்த பயம், உறக்கமின்மை, தன்னை இழந்ததுபோன்ற உணர்வு ஆகியவற்றை விரிவாக விவரித்திருக்கிறார்கள். கருவி ஏதும் இல்லாமலேயே நேரக்கூடியவை இவை. ஆகவே பழக்கத்தைத் துரிதப்படுத்துவது எப்போதும் நன்மைக்கே என்று எடுத்துக்கொள்வதற்கில்லை.

முதல் ஆறு வாரம் கருவி இல்லாமல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு மற்றப் பகுதிகளால் பயனில்லை. ஒரே ஒரு முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது மூச்செண்ணுதல், ஏனென்றால் அதில் தவறியது கணக்கில் தெரிந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதையே கவனத்தை அளக்கும் ஒரு சோதனையாக வடிவமைத்தார்கள்: எட்டு மூச்சு வரை ஒரு பொத்தான், ஒன்பதாவது மூச்சுக்கு மட்டும் வேறொரு பொத்தான். வீட்டில் அதற்குப் பொத்தான் வேண்டாம், ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை போதும். இடது தொடைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அவற்றை வைத்துக்கொண்டு, எண்ணிக்கை தவறியதையோ ஒன்பதைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போய்விட்டதையோ உணரும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை வலப்பக்கத்துக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். இருபது நிமிடம் முடிந்ததும் வலப்பக்கத்தில் இருப்பதை எண்ணி நோட்டில் எழுதுங்கள். உறக்கம் எப்படி, காப்பி குடித்தீர்களா, எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள்.

முதல் சில நாள்களில் கொட்டைகளின் எண்ணிக்கை குறைந்து, பிறகு திடீரென்று கூடும். கூடுவது பின்னடைவு அல்ல. தவறுவதை இப்போதுதான் அதிகம் கவனிக்கிறீர்கள் என்று பொருள். நான்கு அல்லது ஐந்து வாரத்தில் அது ஓரளவு நிலைப்படும், அந்த நிலைப்பட்ட எண்தான் உங்களுடைய அடிக்கோடு. அடிக்கோடு இல்லாமல் கருவியை மாட்டினால், பிறகு ஏற்படும் எந்த முன்னேற்றத்தையும் கருவியின் கணக்கிலேயே எழுதிவிடுவீர்கள்.

தூண்டலுக்கான ஆயத்தம்

சான்றளிக்கப்பட்ட கருவியும், அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையும் இல்லாமல் தொடங்காதீர்கள். 9 வோல்ட் பேட்டரியையும் இரண்டு ஒயரையும் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று காணொளிகள் சொல்லிக்கொடுக்கின்றன. பேட்டரி சிறியதுதான் என்றாலும், தோலின் மின்தடை மாறும்போதெல்லாம் மின்னோட்டமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதே அதிலுள்ள சிக்கல். முறையான கருவியோ தடை மாறினாலும் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும், தடை எல்லை மீறினால் தானே நிறுத்திக்கொள்ளும், தொடக்கத்திலும் முடிவிலும் மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும். ஒயரைச் சட்டென்று பிடுங்கினால் கண்ணுக்குள் மின்னல் வெட்டியதுபோல் ஓர் ஒளி தோன்றும். விழித்திரை தூண்டப்படுவதால் வருவது அது, ஞான ஒளி அல்ல.

முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும், எண்ணெய் வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் தலையில் சிறிது பூசியிருந்தாலும் கருவி தடை அதிகம் என்று எச்சரிக்கை காட்டும். நெற்றியில் விபூதியோ குங்குமமோ சந்தனமோ இருந்தால் ஈரத்துணியால் முழுக்கத் துடைத்து, தோலில் கீறல், பரு, சிவப்பு ஏதும் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அன்று வேண்டாம்.

மின்முனைகள் வழக்கமாக 5 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் கொண்ட ரப்பர் தகடுகளாக ஸ்பாஞ்சு உறைக்குள் இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனால் ஸ்பாஞ்சை நனைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதில் நனைத்த ஸ்பாஞ்சுகளின் அடியில் தோல் புண்ணான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஸ்பாஞ்சை விரலால் அழுத்தினால் ஈரம் மேலே எழ வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. சொட்டினால் நீர் வழிந்து மின்சாரம் தோலின் மேலேயே குறுக்குவழியில் ஓடிவிடும். காய்ந்திருந்தால் மின்சாரம் ஒரு மூலையில் குவிந்து சுடும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு சிறு கணக்கு. அமெரிக்காவின் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பஷார் பத்ரானும் உடன் ஆய்வாளர்களும் தியானத்தோடு இந்தத் தூண்டலைச் சேர்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நேர்முனையை வலது நெற்றிப் பக்கத்தில் எஃப்8 என்ற புள்ளியிலும், எதிர்முனையை இடது புருவத்துக்கு மேலும் வைத்தார்கள். எஃப்8 எங்கே இருக்கிறது என்பதற்கு மூளையலைப் பதிவில் பயன்படும் பத்து-இருபது முறையின் அளவைப் பின்பற்றலாம். புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து உச்சி வழியாகப் பின்மண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புவரை தையற்காரரின் அளவு நாடாவால் அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கு அளவு நெற்றியில் மேலேறி ஒரு புள்ளி வையுங்கள். 36 செ.மீ. என்றால் 3.6 செ.மீ. மேலே. அந்தப் புள்ளியின் உயரத்தில் தலையைச் சுற்றி அளந்து, அந்தச் சுற்றளவில் 15 சதவீதம் வலப்பக்கம் நகர்ந்தால் எஃப்8. சுற்றளவு 56 செ.மீ. என்றால் நடுப்புள்ளியிலிருந்து 8.4 செ.மீ.; பெரும்பாலோருக்கு அது வலது நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே, முடி தொடங்கும் இடத்தையொட்டி அமையும். முடியைச் சீப்பின் முனையால் வகிடுபோல் பிரித்துத் தோல் தெரியும்படி செய்து ஸ்பாஞ்சை வைத்த பிறகே பட்டையை இறுக்க வேண்டும். மேற்பார்வையிடுபவர் இதைச் செய்துதருவார் என்றாலும் அளவை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. இரண்டு விரல் அகலம் தள்ளி வைத்துவிட்டு அவசரத்தில் தொடங்கிவிடுவது அனுபவமுள்ளவர்களுக்கும் நேர்வதுதான்.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 15 பேர் மட்டுமே. 1 மில்லியாம்பியர், 2 மில்லியாம்பியர், தூண்டுவதுபோல் காட்டும் போலித் தூண்டல் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் தனித்தனி நாளில் பெற்றார்கள். தூண்டலோடு தியானத்தில் அமர்வது பாதுகாப்பாக இயலும் என்பதை அது காட்டியது என்று ஏற்றுக்கொள்ளலாம். தியானத்தை எவ்வளவு மேம்படுத்துகிறது என்பதை 15 பேரை வைத்துத் தீர்மானிப்பதற்கில்லை. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் வலியோடு இருந்த முதியவர்களுக்கு, வீட்டிலேயே, தொலைவிலிருந்து மேற்பார்வையிட்டு, 2 மில்லியாம்பியரை 20 நிமிடம் வீதம் பத்து நாள் தியானத்தோடு கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், போலி பெற்றவர்களைவிட அவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. எனக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் அதிக நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் அதில் அளந்தது 'ஆழ்ந்த அனுபவம்' போன்ற பிடிபடாத ஒன்றை அல்ல, வலியை.

அமர்வு

மின்னோட்டம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே தியானத்தைத் தொடங்கிவிடுங்கள். வரிசை முக்கியம். ஏற்கனவே இயங்கிக்கொண்டிருக்கும் நரம்புத் தொடர்களையே இவ்வளவு சிறிய மின்னோட்டம் அதிகம் பாதிக்கும் என்பது ஆய்வாளர்களிடையே வலுவான கருத்து; மூச்சைக் கவனிக்கும் வேலை ஓடத் தொடங்கிய பிறகு மின்சாரம் வந்தால் அந்த வேலையில் சேரும் வாய்ப்பு உண்டு.

பிறகு 30 வினாடியில் மின்னோட்டம் மெல்ல ஏறும். இடது புருவத்துக்கு மேலே எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு தொடங்கி, ஊசி முனையால் தொடுவதுபோல் சற்றுக் கூர்மையாகி, இரண்டு மூன்று நிமிடத்தில் தேய்ந்து போகும். புதியவர்கள் இந்தக் குறுகுறுப்போடு மல்லுக்கட்டி முகத்தைச் சுளித்து, தாடையை இறுக்கி, முதல் பாதியை வீணாக்குவார்கள். அதை விரட்டாமல், மூச்செண்ணுவதை ஒரு நிமிடம் நிறுத்திவைத்துவிட்டு, குறுகுறுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். வரும், இருக்கும், போகும். அது மங்கியதும் எண்ணிக்கைக்குத் திரும்புங்கள். குறுகுறுப்பு எரிச்சலாகவோ சுடுவதாகவோ மாறினால் மட்டும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். நிறுத்தச் சொல்லுங்கள், மின்னோட்டம் படிப்படியாக இறங்கிய பிறகு ஸ்பாஞ்சை எடுத்துத் தோலைப் பாருங்கள். வலியைத் தாங்குவது தியானத்தின் ஒரு பகுதி என்று பழகியவர்கள் இந்த இடத்தில் தவறு செய்ய வாய்ப்பு அதிகம்.

20 நிமிடம் முடிந்து மின்னோட்டம் இறங்கியதும் எழுந்துவிடாதீர்கள். கருவியைக் கழற்றாமலேயே இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து எண்ணுங்கள். தூண்டலின் விளைவு மின்சாரம் நின்றதும் அணைந்துபோவதில்லை, சிறிது நேரம் தங்குகிறது. துணையில்லாமல் மனத்தைத் திருப்பிக் கொண்டுவரப் பழகுவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். கற்றுக்கொடுக்கிறவர் சைக்கிள் சீட்டிலிருந்து கையை எடுத்த பிறகு ஓட்டும் தூரம் இது. அமர்வுக்குப் பிறகு தோல் சற்றுச் சிவந்திருப்பதும் இலேசான தலைவலியும் அடிக்கடி வரக்கூடியவை, சில மணி நேரத்தில் போய்விடும்.

ஒரு நாளைக்கு ஓர் அமர்வுக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் இரண்டு வாரம், பிறகு குறைந்தது இரண்டு வாரம் கருவியே இல்லாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிடத்துக்கும் 4 மில்லியாம்பியருக்கும் மேற்படாத வழக்கமான தூண்டலில், ஆயிரம் பேருக்கு மேல் பெற்ற 33,200-க்கும் அதிகமான அமர்வுகளில் கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்று 2016-இல் ஒரு தொகுப்பாய்வு கூறியது. ஆனால் அந்த அமர்வுகள் ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் வரம்புக்குட்பட்ட நாள்களுக்கு நடந்தவை. மாதக்கணக்கில் தினமும் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் அல்ல.

அதே 2016-இல், வீட்டில் தாமாகச் செய்துகொள்கிறவர்களுக்காக 39 ஆய்வாளர்கள் கையொப்பமிட்டு ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு திறனைக் கூட்டும்போது இன்னொன்று குறையலாம் என்பது. 2013-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில், மூளையின் ஒரு பகுதியைத் தூண்டியபோது புதிய எண்குறிகளைக் கற்கும் வேகம் கூடி, கற்றதைத் தன்னியல்பாகப் பயன்படுத்தும் திறன் குறைந்தது. வேறொரு பகுதியைத் தூண்டியபோது நேர்மாறாக நடந்தது. எனவே தூண்டல் நாள்களில் தியானத்தை மட்டும் கவனிக்காமல், அலுவலக வேலை, வண்டியோட்டுவது, கோபம், உறக்கம் ஆகியவற்றையும் நோட்டில் ஒரு வரியாகக் குறித்துவையுங்கள். வீட்டில் இருப்பவர்களையும் கேளுங்கள், அவர்களுக்கு நம்மைவிட முன்னமே தெரிந்துவிடும்.

உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது

கனடாவின் சட்பரி நகரில் மைக்கேல் பெர்சிங்கர் என்ற ஆய்வாளர், மெல்லிய காந்தப்புலம் எழுப்பும் ஒரு தலைக்கவசத்தை அணிந்தவர்களில் பலர் அருகில் யாரோ இருப்பதுபோன்ற உணர்வை அடைந்ததாகச் சொன்னார். 'கடவுள் கவசம்' என்றே அதற்குப் பெயர் பரவியது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கிரான்கிவிஸ்டும் உடன் ஆய்வாளர்களும், காந்தம் இயங்குகிறதா இல்லையா என்பது அணிந்தவருக்கும் நடத்துபவருக்கும் தெரியாதபடி மறைத்துச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அனுபவங்கள் அப்போதும் வந்தன; காந்தம் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் வந்தன. யாருக்கு வந்தது என்பதை முன்கூட்டிச் சொன்னது காந்தப்புலம் அல்ல, சொன்னதை எளிதில் நம்பி உள்வாங்கும் அவர்களுடைய இயல்பு. கண்ணை மூடி, தலையில் ஒரு கருவியோடு, ஏதோ நடக்கும் என்று காத்திருக்கும் தியானியைவிட அத்தகைய எதிர்பார்ப்புக்கு இரையாகக் கூடியவர் யாருமில்லை.

ஆகவே உங்களையும் மறைத்துச் சோதியுங்கள். ஆய்வுக்குரிய பல கருவிகளில் போலி முறை உண்டு; மின்னோட்டம் முதல் அரை நிமிடம் ஏறி, குறுகுறுப்பை உண்டாக்கிவிட்டு, மெல்ல இறங்கி நின்றுவிடும். அமர்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மேற்பார்வையிடுபவர் ஒவ்வோர் அமர்வுக்கு முன்பும் நீங்கள் பார்க்காதபடி நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா என்பதற்கேற்ப உண்மையையோ போலியையோ அமைத்து, அதைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிடட்டும். 2 மில்லியாம்பியரில் குறுகுறுப்பு வலுவாக இருப்பதால் எது உண்மை என்று ஊகித்துவிட வாய்ப்பு உண்டு. சோதனைக்கு 1 மில்லியாம்பியர் பொருத்தமானது. ஒவ்வோர் அமர்வும் முடிந்ததும் புளியங்கொட்டைக் கணக்கை எழுதுங்கள், கூடவே 'இன்று உண்மை என்று நினைக்கிறேன்' அல்லது 'போலி என்று நினைக்கிறேன்' என்றும் எழுதுங்கள். இந்தச் சோதனைக் காலத்தில் காப்பியின் அளவையும் உட்காரும் நேரத்தையும் மாற்றாதீர்கள்.

இருபது அமர்வுகள் சேர்ந்த பிறகு உறைகளைத் திறந்து இரண்டு பட்டியலாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சராசரியையும் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஊகங்களை. இருபதில் பதினாறு பதினேழு சரியாக இருந்தால் மறைப்பு தோற்றுவிட்டது, அந்தக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஊகங்கள் பாதிக்குப் பாதி இருந்து, உண்மை அமர்வுகளில் தவறல் தெளிவாகக் குறைந்திருந்தால், இன்னொரு சுற்று செய்து பார்ப்பதில் பொருள் இருக்கிறது. இரண்டு சராசரிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றால் வியப்படைய வேண்டாம். ஒற்றை அமர்வுத் தூண்டல் ஆரோக்கியமானவர்களின் அறிதிறனில் நம்பத்தக்க விளைவு எதையும் காட்டவில்லை என்று 2015-இல் ஹார்வாத் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னதோடு அது பொருந்துகிறது. அப்படியானால் கருவியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிண்ணங்களையும் நோட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு தொடருங்கள்.

இடையிலேயே நிறுத்த வேண்டிய அறிகுறிகளும் உண்டு. தோலில் கொப்புளமோ, ஒரு நாளைக்கு மேல் நீடிக்கும் தலைவலியோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு இரவு உறக்கம் வராமல் அதே சமயம் சோர்வும் தெரியாமல் இருந்தாலோ, பேச்சும் செலவும் வழக்கத்தைவிட அதிகமாகிவிட்டது என்று வீட்டில் சொன்னாலோ, சுற்றியுள்ளவை உண்மையில்லாததுபோல் தோன்றி அந்த உணர்வு தியானத்துக்கு வெளியிலும் தொடர்ந்தாலோ, கருவியை மட்டுமல்ல, தியானத்தையும் நிறுத்திவைத்துவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள், எத்தனை மில்லியாம்பியர், எத்தனை நிமிடம், எத்தனை நாள் என்பதையே அவர் முதலில் கேட்பார்.